மனைக்கு அடியில் சாம்பல்: அத்திப்பட்டுப் பக்கம் வீடு கட்டிய அனுபவம்

கும்மிடிப்பூண்டி ரயில் தடத்தில் எண்ணூரைத் தாண்டி மனை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், ஏற்கெனவே அங்கே வீடு கட்டிக் கொல்லையில் கீரை போட்டிருப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டி மேடாக்கிய மனையைப் பற்றி நான் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும். தூக்கமும் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். நான் கெமிஸ்ட்ரி படித்தவள் இல்லை. பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அதனால் எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்ல முடியும்.

தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்குக் குவைத்தில் வேலை. வீட்டில் நான், அத்தை, யூகேஜி படிக்கும் மகள். அத்திப்பட்டுப் பக்கம் கைக்கு எட்டும் விலையில் ஒரு மனை வந்தது. மழைக்குத் தண்ணீர் நிற்கும் பள்ளம்தான், ஆனால் லேஅவுட் போட்டவரே மண் அடித்து மேடாக்கிக் கொடுத்திருந்தார். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கம் எல்லாவற்றையும் வக்கீல் பார்த்தார். வங்கியிலிருந்து ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார். அந்த மேட்டை எதைப் போட்டு எழுப்பினார்கள் என்பது இவர்களில் எவர் வேலையிலும் வராத கேள்வி. மேலே பார்த்தால் பளிச்சென்று செம்மண்.

குடிபோன கையோடு அத்தை தோட்டம் போட ஆரம்பித்துவிட்டார். அவர் பொன்னேரிக்காரர், கையில் மண் படாமல் இருக்க முடியாது. அரைக்கீரை, கொத்தவரை, வெண்டை, ஒரு எலுமிச்சங்கன்று. கீரை முளைத்தது, ஒரு சாண் வளர்ந்தது, பிறகு அடி இலைகளின் விளிம்பு மஞ்சளாகி, தீய்ந்த மாதிரி பழுப்பாகச் சுருண்டது. எலுமிச்சையிலும் அதே கதை, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. உரக்கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு நுண்ணூட்டச் சத்துக் குறை என்று ஒரு கலவையும், மண்ணின் காரத்தைக் குறைக்கக் கந்தகமும் கொடுத்தார். ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டதில் 3,500 ரூபாய் போனது. செடி இன்னும் வேகமாகக் காய்ந்தது. அத்தை மட்டும் விடாமல் நல்ல இலையாகப் பொறுக்கிக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கீரையைத்தான் என் மகள் சாப்பிட்டாள். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்தேன். பலரும் இங்கேயே நிம்மதியாகி நின்றுவிடுவார்கள், அதனால் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். மண்வள அட்டையில் 12 விஷயங்கள் வரும்: கார அமில நிலை, உப்பு, கரிமச்சத்து, தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். அவ்வளவுதான். காரீயம், ஆர்சனிக், காட்மியம், குரோமியம், பாதரசம், நிக்கல் எதுவும் அதில் கிடையாது. அது பயிருக்கு என்ன உரம் போடலாம் என்று சொல்வதற்கான சோதனை. அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் மண்ணில் நச்சு உலோகம் இல்லை என்று அர்த்தமே இல்லை.

என் அதிர்ஷ்டம், அங்கிருந்த அதிகாரி அட்டையை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவர் இல்லை. போரான் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு, "அம்மா, இந்தப் பக்கத்து மண்ணுக்கு இது ரொம்ப அதிகம். உங்க இடத்துல சாம்பல் ஏதாவது கொட்டியிருக்காங்களா?" என்று கேட்டார். நிலக்கரிச் சாம்பலில் போரான் அதிகம் இருக்கும், தண்ணீரில் சுலபமாகக் கரைந்து வேருக்குப் போய்விடும், முதலில் இலை விளிம்பைத்தான் கருக்கும் என்றார். உரக்கடைக் கலவையிலும் போரான் இருந்திருக்கிறது! ஏற்கெனவே மிஞ்சிப் போனதற்கு மேல் இன்னும் கொஞ்சம் நானே காசு கொடுத்துப் போட்டிருக்கிறேன். கந்தகத்தையும் நிறுத்தச் சொன்னார். மண் புளிக்கப் புளிக்கக் காரீயமும் காட்மியமும் இளகி வேருக்குக் கிடைக்க ஆரம்பிக்குமாம். காரமாக இருக்கும் வரை அவை பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கொல்லையில் குழி வெட்டச் சொன்னேன். முக்கால் அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே கோடு கிழித்த மாதிரி நிறம் மாறி, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு அடுக்கு, மூன்றடிக்கு மேல். அதில் ஒரு வேர், ஒரு மண்புழு கூட இல்லை. எடுத்து விரலில் தேய்த்தால் விபூதி போல வழுவழுவென்று ஒட்டுகிறது, மண்ணுக்குரிய நறநறப்பு இல்லை. நடுநடுவே கரிக்கட்டி போல ஓட்டை ஓட்டையான கறுப்புக் கல். குழி வெட்டியவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "யக்கா, இது குட்டை சாம்பல்கா. நானே லோடு ஏத்தியிருக்கேன்." அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டையிலிருந்து அள்ளி வந்தது என்று அர்த்தம்.

நீங்களும் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு பக்கெட் தண்ணீரில் அந்த மண்ணைக் கைப்பிடி போட்டுக் கலக்கிவிட்டு அரைமணி நேரம் விடுங்கள். அனல்மின் சாம்பலில் உள்ளே காற்றடைத்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள் இருக்கும். அவை மேலே மிதந்து வந்து வெளிர்நிறப் படலமாகப் படியும். சாதாரண மண்ணில் இப்படி வராது, மிஞ்சினால் சருகுத்தூள் மிதக்கும். காந்தத்தை வைத்துப் பார்க்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். நம் கடற்கரைப் பக்க மணலிலேயே காந்தத்தில் ஒட்டும் கறுப்பு மணல் நிறைய உண்டு, அதனால் அதை நம்பாதீர்கள். மனை பார்க்கப் போகும்போது 500 ரூபாய் கொடுத்து மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். விற்கிறவர் வேண்டாம் என்று தடுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் மாதிரிதானே, செடிக்கு நல்லதுதானே என்று அத்தை கேட்டார். விறகு வேறு, நிலக்கரி வேறு. நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான். கரி எரிந்து காற்றோடு போய்விடும், அதிலிருந்த உலோகங்கள் எரியாது, மிஞ்சுகிற சாம்பலில் செறிந்து நிற்கும். பாதரசம் பெரும்பாலும் ஆவியாகப் புகைபோக்கி வழியாகவே போகும். ஆர்சனிக், செலினியம் போன்றவை சூட்டில் ஆவியாகி, புகை ஆறும்போது மிக நுண்ணிய தூள்களின் மேல் படியும். அதனால் தூள் எவ்வளவு பொடியோ அவ்வளவு உலோகம். எண்ணூர் வட்டாரத்தில் இந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைகளுக்கு அனுப்புவது பல வருடப் பழக்கம். குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது, ஆனால் உலோகம் மக்கிப் போகிற பொருள் இல்லை. மண்ணுக்கு வந்தது மண்ணிலேயே இருக்கும்.

இனி லேப் கதை. நிறைய பணம் போனது இங்கேதான். முதலில் கொடுத்த தனியார் லேபில் 9,000 ரூபாய் வாங்கினார்கள். ரிப்போர்ட்டில் எல்லா உலோகத்துக்கும் நேராக 'பிடிஎல்' என்று மூன்று எழுத்து, அதாவது கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே. அன்றைக்கு அத்தையும் நானும் சாமிக்குத் தேங்காய் உடைத்தோம். அப்புறம் அந்த வேளாண் அதிகாரிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினால், "எந்த மண்ணை எடுத்தாலும் குரோமியமும் காரீயமும் இயற்கையாவே கொஞ்சம் இருக்கும்மா, எல்லாமே பிடிஎல்னா எப்படி?" என்று கேட்டார். விசாரித்தால், மண்ணை வெறும் தண்ணீரில் குலுக்கி, அதில் கரைந்து வந்ததை மட்டும் அளந்திருக்கிறார்கள். பணம் போனது போனதுதான், திருப்பித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

லேபில் கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். மண்ணை அமிலத்தில் செரித்து (அதாவது கரைத்து), உலோகத்தை அளக்கும் ஐசிபி கருவியில், உலோகத்தின் மொத்த அளவை மில்லிகிராம் பெர் கிலோ கணக்கில் தருவீர்களா? ஒவ்வொரு உலோகத்துக்கும் உங்கள் குறைந்தபட்ச அளவீடு எவ்வளவு? லேப்களுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு என்ஏபிஎல்; அதன் அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகத் தருவது இல்லை, எந்தப் பொருளில் எந்தச் சோதனை என்று தனித்தனியாகத் தருவது. தண்ணீருக்கு இருக்கும், மண்ணுக்கு இருக்காது. அந்தப் பட்டியல் என்ஏபிஎல் இணையதளத்திலேயே கிடைக்கிறது. மண் எடுப்பதும் முக்கியம். துருப்பிடித்த கரண்டி, துத்தநாகம் பூசிய வாளி, பழைய உரச்சாக்கு, செய்தித்தாள் எதுவும் வேண்டாம். மண்வெட்டி பட்ட முகத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டித் தள்ளிவிட்டு உள்மண்ணை எடுத்துப் புதுப் பாலித்தீன் கவரில் போடுங்கள். தோட்டத்தில் பல இடத்தில் அரை அடி ஆழத்துக்கு எடுத்துக் கலந்தால் ஒரு மாதிரி. சாம்பல் அடுக்கு தனி மாதிரி. குழந்தை விளையாடும் இடத்தில் மேலாக ஒரு அங்குலம் தனி மாதிரி. கூடவே, சாம்பல் படாத ஊரிலிருந்து ஒப்பிட ஒரு மாதிரி. நான் அத்தையின் ஊர்த் தோட்டத்திலிருந்து எடுத்துவந்தேன். அது இல்லாமல் வந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கிண்டிப் பக்கம் இரண்டாவது லேபில் 14,500 ரூபாய் ஆனது. சாம்பல் அடுக்கில் காரீயமும் ஆர்சனிக்கும் ஊர் மண்ணைவிட மூன்று நான்கு மடங்கு. மேல் செம்மண்ணில் கொஞ்சம் கூடுதல். காட்மியம் பயந்த அளவுக்கு இல்லை. பயமுறுத்தும் எண்கள் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் வீட்டு மண்ணுக்குக் காரீயம் கிலோவுக்கு 400 மில்லிகிராம் வரை என்று இருந்த எச்சரிக்கை அளவை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தார்கள். என் மண் அதற்கு ரொம்பக் கீழே. நிம்மதிப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. நான் எடுத்துக்கொண்டது இதுதான்: வீட்டை விட்டு ஓடுகிற அளவு இல்லை, ஆனால் கீரை போட்டுத் தினமும் சாப்பிடுகிற மண்ணும் இல்லை, குழந்தை வாயில் வைக்கிற தூசியும் இல்லை. பணம் குறைவாக இருந்தால் கீரையையே நன்றாகக் கழுவிச் சோதனைக்குக் கொடுங்கள் என்று லேப்காரர் பிறகு சொன்னார். வயிற்றுக்குள் போவதை நேரடியாக அளந்த மாதிரி ஆகும். உணவுப் பொருளுக்கு நம் நாட்டிலேயே வரம்பும் இருக்கிறது.

போர் தண்ணீரையும் கொடுத்தேன், 6,000 ரூபாய். இங்கே வேறு ஒரு சிக்கல். குடிநீரில் காரீயமும் ஆர்சனிக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, பாதரசம் 0.001க்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். லேப் கருவி 0.05க்குக் கீழே பார்க்காது என்றால், 'பிடிஎல்' என்று வந்தாலும் வரம்பைப் போல ஐந்து மடங்கு காரீயம் இருக்கலாம். அந்த எண்ணைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். எங்கள் தண்ணீரில் உலோகம் வரம்புக்குள்தான், உப்பும் போரானும்தான் அதிகம். கொதிக்கவைத்தால் உலோகம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ போட்டிருப்பவர்கள் அதன் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

மகளின் ரத்தப் பரிசோதனைக்கு நான் தயங்கித் தயங்கித்தான் போனேன். கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில்தான் காரீயம் பார்க்க வேண்டும். விரல் நுனியில் குத்தினால் விரலில் இருக்கும் தூசியே கணக்கைக் கெடுத்துவிடக்கூடும். டெசிலிட்டருக்கு (100 மில்லி ரத்தத்துக்கு) நான்கு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. கவனிக்க வேண்டிய அளவை அமெரிக்காவில் 3.5 என்று வைத்திருக்கிறார்கள், உலகச் சுகாதார நிறுவனம் 5 என்கிறது, பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. குழந்தை மருத்துவர் பதறவில்லை. மண்ணைப் பற்றி நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும், "கண்மை போடுறீங்களா? வீட்ல ஈயச்சொம்பு இருக்கா?" என்று கேட்டார். இரண்டும் இருந்தது. ஈயச்சொம்பில் வெள்ளீயம்தான் இருக்க வேண்டும், மலிவாகக் கிடைப்பதில் காரீயம் கலந்திருக்கும் என்றார். உதிரும் பழைய பெயின்ட், கடையில் வாங்கும் மஞ்சள் தூள் இவற்றையும் கேட்டார். ஆக, எது எவ்வளவு சேர்த்தது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. நாங்கள் மருத்துவரிடமிருந்து திரும்பி வந்த அன்றே அத்தை ரசச் சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டார். மகளுக்கு ரத்தசோகையும் இருந்தது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைவான உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சுமாம். இரும்பு டானிக், கேழ்வரகு, முட்டை என்று சொன்னார். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் பொடி, லேகியம் பக்கம் போகவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டில் மாற்றியது பெரிய விஷயம் எதுவும் இல்லை. செருப்பு வாசலோடு. துடைப்பம் போட்டுத் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைப்பது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. சில மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. அன்றைக்கு அலுவலகக் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

தோட்டத்துக்கு முதலில் மொத்தச் சாம்பலையும் ஜேசிபி வைத்து வாரிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேட்ட விலையும் மலைப்பாக இருந்தது, வாரியதை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கும் பதில் இல்லை. அடுத்த காலி மனையில் கொட்டினால் நான் பட்டதை இன்னொருத்தி படுவாள். அதனால் மூடிவிட்டேன். முன்பக்கம் பேவர் பிளாக். பின்பக்கம் மண்ணோடு மண் கலக்காமல் தடுக்கும் கெட்டியான ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, செங்கல் கட்டி, ஒன்றரை அடிக்குப் புது மண். கீரையும் முள்ளங்கியும் இப்போது மாடியில் குரோ பேக்கில் மட்டும். இலையும் கிழங்கும்தான் உலோகத்தை அதிகம் சேர்க்கும், காய்க்கும் பழத்துக்கும் போவது குறைவு. அதனால் கத்தரி, வெண்டை, முருங்கை கீழே இருக்கின்றன. புது மண் வாங்கும்போது லாரியிலிருந்து இறக்குவதற்கு முன்பே பக்கெட் சோதனை செய்தேன். டிரைவர் சிரித்தார், சிரிக்கட்டும். கம்போஸ்ட் வாங்கினால் பை மேலே இருக்கும் பகுப்பாய்வைப் பாருங்கள். நகரக் குப்பைக் கம்போஸ்ட்டுக்குக் காரீயம் கிலோவுக்கு 100, காட்மியம் 5, ஆர்சனிக் 10 மில்லிகிராம் என்று அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு இருக்கிறது. இந்த வேலைக்கெல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். லேப், ஆஸ்பத்திரி எல்லாம் கூட்டினால் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்தைத் தொட்டது. லீவு போட்டதில் போன சம்பளம் தனி.

லேஅவுட்காரரிடம் கேட்டதற்கு, "நல்லா இறுகும்மா, ரோடு போடுறதே இதை வச்சுத்தான்" என்றார். ரோடு போடுவது உண்மைதான். சிமென்ட்டோடு கலந்து இறுகிய சாம்பல் செங்கல்லில்தான் என் வீட்டுச் சுவரும் நிற்கிறது, அதில் எனக்குக் கவலை இல்லை. சரியாக மூடாமல் கொள்ளாமல், முக்கால் அடி செம்மண்ணுக்குக் கீழே குடியிருப்பு மனையில் கொட்டியதைத்தான் கேட்கிறேன். அக்கம்பக்கத்தில் ஆதரவு கிடைக்கும் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அண்ணன் ஒரு நாள் சாயங்காலம் வந்து, "ஏம்மா, நீ பேசிட்டுப் போயிடுவ. நாளைக்கு நான் வித்தா எவன் வாங்குவான்?" என்றார். அவர் மகள் கல்யாணத்துக்கு அந்த இடத்தைத்தான் நம்பியிருக்கிறார். அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, காபி கொடுத்து அனுப்பினேன்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. 2021 டிசம்பர் 31இல் வந்த மத்திய அரசின் சாம்பல் அறிவிக்கையின்படி, தாழ்வான நிலத்தைச் சாம்பலால் நிரப்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். வெறும் புகார் மனுவோடு போனால் யார் கொட்டினார், லாரி எண் என்ன, பில் இருக்கிறதா என்று கேட்பார்கள். என்னிடம் எதுவும் இல்லை. அதனால் முதலில் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, இந்த இடத்தில் சாம்பல் நிரப்ப அனுமதி தரப்பட்டதா என்று கேட்டேன். அப்படி எதுவும் தரப்படவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில், லேப் ரிப்போர்ட், குழியில் அளவுகோல் வைத்து எடுத்த போட்டோ மூன்றையும் இணைத்து மறுபடி மனு கொடுத்தேன். இந்த முறை ஆள் வந்து, என் வீட்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் மனையில் குழி வெட்டி மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள். அவர்களின் ரிப்போர்ட் நகலுக்கும் தகவல் உரிமை மனு போட்டாகிவிட்டது.